எச்சில் தடம்

திருநெல்வேலியில் யாருடைய எச்சில் யாருடைய வாய்க்குள் போயிருக்கிறது என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துவைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். பெயர் ஜெபசீலி. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பு மாற்று மருத்துவமனையில் ‘உறவுத் தொடர்பாளர்’ வேலை. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, மகனுடைய ஜாதகத்தை என் மேஜையில் வைத்து, நல்ல இடமாகப் பாருங்கள் என்று சொன்னவர்கள் உண்டு.

எல்லாம் ‘தடம்’ என்கிற கருவி வந்ததால் வந்த வினை. நம்மில் பெரும்பாலானவர்களுடைய ரத்தத்தில் ஒரு வைரஸ் குடியிருக்கிறது. டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எச்சிலில் பரவுவதால் ஊரில் வாய் வைரஸ் என்றே சொல்லிவிடுகிறோம். சின்ன வயதில் யாரோ கடித்துக் கொடுத்த கடலை மிட்டாயிலோ, கன்னத்தில் கொடுக்க வந்து உதட்டில் விழுந்த முத்தத்திலோ வந்திருக்கும். வந்த பிறகு ஆயுள் முழுக்கச் சத்தம் காட்டாமல் கிடக்கும். தடம் கருவியில் இரண்டு பேருடைய ரத்தத்தை ஆளுக்கு ஒரு சொட்டு விட்டால் போதும், வைரஸ் இவரிடமிருந்து அவருக்குப் போனதா, அவரிடமிருந்து இவருக்கு வந்ததா என்று சொல்லிவிடும்.

வந்த புதிதில் ஊரே அல்லோலகல்லோலப்பட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் தடம் கேட்டார்கள். சொத்துத் தகராறில் நாற்பது வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே ஐஸ் குச்சியில் வந்த வைரஸ் என்று தெரிந்து, கோர்ட்டு வராந்தாவிலேயே கட்டிப்பிடித்து அழுதார்கள். ஒரு பெண்ணுடைய தடம் அவள் வீட்டாரோடு ஒத்துப்போகவில்லை என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தார்கள். “காலேஜ்ல என் சிநேகிதி பாட்டில்ல தண்ணி குடிச்சேன், அவ நாளைக்கும் வருவா, அவ பாட்டில்ல நாளைக்கும் குடிப்பேன், உங்க பையன் எனக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். எனக்கு இன்றைக்கும் அவளை நினைத்தால் சந்தோஷமாக இருக்கும்.

ஆனால் எல்லாம் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. சில குடும்பங்கள் உடைந்தன. அதன் பிறகுதான் சட்டம் வந்தது. சிகிச்சைக்கு வேண்டுமென்றால் மட்டுமே தடம் பார்க்கலாம், அதுவும் அந்த ஆள் சம்மதித்தால் மட்டும். முடிவை ரத்தம் கொடுத்தவர் காதில் மட்டும்தான் சொல்ல வேண்டும். அந்தக் காதில் சொல்கிற வேலைதான் என்னுடையது.

காந்திமதிநாதன் அண்ணாச்சி எங்கள் மருத்துவமனைக்கு முதல் முறை வந்தபோது கையில் ஒரு வெள்ளி டம்ளர் கொண்டுவந்தார். டவுனில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளுக்கு அண்டா, சருவம், போணி எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். திரும்பி வந்த பாத்திரத்தை இயந்திரம் கழுவி வைத்த பிறகு அவர் ஒரு முறை புளி போட்டுத் தேய்ப்பார். எச்சில் பத்துப் பார்ப்பதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. தன் டம்ளரையே உதட்டில் வைக்க மாட்டார். அண்ணாந்து, அரை முழம் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஒரு சொட்டு சட்டையில் சிந்தாது.

அவருடைய ஒரே மகள் உலகம்மைக்கு எட்டு வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வந்தாள். அப்பாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மா அருள்மொழி கணக்கு டீச்சர். அவருக்குச் சிறுநீரகத்தில் கல். கடைசியில் தாய்மாமன் செந்தில்வேல்தான் கிட்னி கொடுத்தான். டிரைவர் இல்லாமல் தானே ஓடும் லாரிகளுக்கு மேற்பார்வையாளன். கன்னியாகுமரியிலிருந்து நாக்பூர் வரைக்கும் எந்தக் கடையில் என்ன கிடைத்தாலும் தின்பவன். அந்தக் காரணத்துக்காகவே அண்ணாச்சி வீட்டில் அவனுக்கென்று ஒரு தனித் தட்டு இருந்தது.

“தட்டையே சேக்காத மனுசன், கிட்னியச் சேத்துக்கிட்டாரு பாத்தியளா அக்கா” என்று ஆபரேஷன் முடிந்த மறுநாளே என்னிடம் சொல்லிச் சிரித்தான். தையல் வலித்தது. வலித்தாலும் சிரித்தான்.

உறுப்பு மாற்று வார்டில் ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடக் கூடாது என்று கண்டிப்பான விதி உண்டு. அண்ணாச்சிக்கு ஏகக் குஷி. “உலகத்துலயே சுத்தபத்தமான இடம் இதுதான் தங்கச்சி” என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் குழந்தையோடு பெற்றோர் தங்க, மருத்துவமனையை ஒட்டி வீடுகள் இருக்கின்றன. அருள்மொழி பகலில் பள்ளிக்கூடம் போய்விடுவார். அண்ணாச்சி கடையை ஆளிடம் விட்டுவிட்டு மகளைப் பார்த்துக்கொண்டார். நடுவில் அவருக்கே காய்ச்சல் என்று சில வாரம் வரவில்லை. பிறகு எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

ஆறாவது மாதம் உலகம்மையின் கழுத்தில் கட்டி வந்தது.

டாக்டர் நிஷா குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் இருந்தேன். நிஷா மேலப்பாளையத்துக்காரர். சுற்றி வளைக்கத் தெரியாது.

“இது ரத்தப் புற்றுநோயில ஒரு வகை” என்றார். “ஆனா இத வளக்கிறது வாய் வைரஸ். அடுத்தவங்க கிட்னிய வச்சா உடம்பு அத வெளியாளுன்னு அடிக்க வரும்லா? அதுக்காகத்தான் உடம்போட காவல்காரங்களுக்கு மருந்து குடுத்துத் தூங்க வச்சிருக்கோம். அவங்க தூங்கவும் இந்த வைரஸுக்குக் கொண்டாட்டமாப் போச்சு. ரத்தச் செல்லுக்குள்ள புகுந்து அதைத் தாறுமாறாப் பெருக வச்சிட்டு.”

“அப்ப தூக்க மருந்தக் குறைக்க வேண்டியதுதானே?” என்றார் அருள்மொழி.

“குறைச்சுப் பாத்தாச்சு டீச்சர். குறைச்சா கிட்னி முறைக்குது. கூட்டுனா கட்டி வளருது. ரெண்டுல ஒண்ணுதான்னு நிக்குது.”

“இது பிள்ளைக்கு எங்க இருந்து வந்துது?”

“ஆபரேஷனுக்கு முன்னாடி அவ ரத்தத்துல இந்த வைரஸே கிடையாது. உங்க வீட்டுச் சுத்தம் அப்படி. பொதுவா கிட்னியோடதான் வரும். செந்தில் ரத்தத்துல இருந்துச்சு, அது எங்களுக்கும் தெரியும். அப்ப வேற வழி இல்ல.” நிஷா ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற எப்படியாவது வந்திருக்கலாம். காய்ச்சல், தொண்டைப் புண்ணு, கழுத்து வீக்கம்னு கிடந்த யாரோட எச்சிலாவது பட்டிருந்தாலும் வரும். உங்க வீட்டுல அதுக்கு வழி இல்லையே” என்றார்.

செந்தில்வேல் எழுந்து போய் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டான். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பவன், அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். “அத்தான், மன்னிச்சிருங்க. கிட்னியோட என் எச்சிலையும் சேத்துக் குடுத்துட்டேன். நீங்க தனித் தட்டு வச்சது சரிதான்.”

அண்ணாச்சி கையை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபத்தில் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், மனசுக்குள் திட்டவும் செய்தேன்.

வழி இல்லாமல் இல்லை. அந்த வைரஸோடு முன்பே சண்டை போட்டு ஜெயித்த காவல் செல்கள் வேறொருவர் ரத்தத்தில் இருந்தால், அவற்றில் கொஞ்சத்தைப் பொறுக்கியெடுத்து, இயந்திரத்தில் ஒரே வாரத்தில் கோடிக்கணக்கில் பெருக்கி, குழந்தைக்கு ஏற்றலாம். அவை வைரஸ் இருக்கும் செல்லை மட்டும் அடிக்கும். கிட்னியின் பக்கம் போகாது.

“என்கிட்ட எடுங்க டாக்டர், முழுசா எடுத்துக்கிடுங்க” என்று சட்டைக் கையைச் சுருட்டினான் செந்தில்வேல்.

“உங்ககிட்ட இருக்கு, ஆனா பிரயோசனம் இல்ல தம்பி. ஒவ்வொரு செல்லு வாசல்லயும் ரெண்டு பெயர்ப்பலகை இருக்கும். ஒண்ணு அம்மா வழி, ஒண்ணு அப்பா வழி. காவல் செல்லு தனக்குத் தெரிஞ்ச பலகையப் பாத்தாத்தான் கதவத் தட்டும். இந்தக் கெட்ட செல்லு அம்மா வழிப் பலகையக் கழட்டி ஒளிச்சு வச்சிட்டு. நீங்க அம்மா வழி. பக்கத்துல போனாலும் தட்டாம தாண்டிப் போயிரும்.”

“அப்பா வழியில?” என்றேன் நான்.

அண்ணாச்சிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. பெற்றவர்களும் இல்லை. எங்கள் செல் வங்கியில் தேடியதில் அந்தப் பலகைக்குப் பொருந்துகிற ஒருவரும் அகப்படவில்லை. அண்ணாச்சியின் ரத்தமோ, கிட்னிக்காகச் சோதித்தபோதே, இந்த வைரஸைப் பார்த்தேயிராத ரத்தம் என்று தெரிந்திருந்தது. சண்டையே போடாதவரிடம் பழகிய காவல்காரன் எங்கிருந்து வருவான்?

“இருந்தாலும் அது பழைய டெஸ்ட். ஒரு தடவ திரும்பப் பாத்துருவோம்” என்றார் நிஷா. “அப்படியே பிள்ளை, செந்தில் ரத்தத்தோட சேத்துத் தடமும் பாக்கணும். ரெண்டு பேரு வைரஸும் ஒரே வம்சமா இருந்தாத்தான் அந்த செல்லு சரியா வேலை செய்யும்.”

அண்ணாச்சி முடியாது என்றுவிட்டார். மகளுக்காக இரண்டு கண்ணையும் தோண்டிக் கொடுக்கிற மனிதர், ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றார். அருள்மொழி கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, “நீங்க மனுசந்தானா?” என்றார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மத்தியானம் நான் அவர் கடைக்குப் போனேன். கவிழ்த்துவைத்த அண்டாக்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார். நான் டம்ளரை வாயில் வைத்துச் சப்பிக் குடித்தேன். வேறு நாளாயிருந்தால் துடித்துப்போயிருப்பார். அன்றைக்குக் கவனிக்கவே இல்லை. ஆள் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அண்ணாச்சி, என்கிட்ட சொன்னா வெளிய போகாது. சட்டமே அப்படித்தான். ஏன் வேண்டாங்கிய?”

அவர் ஒரு போணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“மச்சான் மேல தப்பு இல்ல தங்கச்சி. பிள்ளைக்கு அந்தச் சனியனக் குடுத்தது நான்.”

“நீங்களா?”

“அவ பழையபடி ஓடியாடுற வரைக்கும் ராத்திரி ஒரு பொழுதுதான் சாப்பிடுவேன்னு நெல்லையப்பர்கிட்ட சொல்லியிருந்தேன். அங்கன தங்கியிருக்கையில மத்தியானம் அவளுக்கு இட்லி ஊட்டுவேன். வாயத் தொறக்க மாட்டா. ‘நீங்க பாதி கடிங்க, மிச்சத்த நான் தின்கேன்’னு ஒரே அடம். எச்சில்மா, தப்புன்னேன். கேக்கல. ஒரு வேளை, ரெண்டு வேளை பட்டினி கிடந்தா. ஆபரேஷன் பண்ணுன பிள்ளை, என்ன செய்ய? கடிக்கிற மாதிரி நடிச்சேன். அதையும் கண்டுபிடிச்சிட்டா.” போணியை இன்னும் அழுத்தித் துடைத்தார். “அப்புறம் தினமும் கடிச்சேன். அவ கடிச்சத நானும், நான் கடிச்சத அவளும். விரதமும் போச்சு, ஆஸ்பத்திரி விதியும் போச்சு, எங்க வீட்டு ஆசாரமும் போச்சு. அருளுக்குக்கூடத் தெரியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் எனக்குக் காய்ச்சல். கழுத்து வீங்கிட்டு. தொண்டையில எச்சில்கூட இறங்கல. கசாயம் வச்சுக் குடிச்சுக்கிட்டு இங்கனதான் கிடந்தேன். அன்னைக்கு நிஷா டாக்டர் அதே மூணையும் சொன்னாங்களே, அப்பதான் விளங்குச்சு. எனக்கு முந்தி வந்துது, பிள்ளைக்குப் பிந்தி வந்துது. யாரு யாருக்குக் குடுத்ததுன்னு மெஷின் வேற சொல்லணுமா? அந்தப் பய என் கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கான். செஞ்சது நான். வாயத் தொறக்காம வந்துட்டேன்.” போணியைத் திருப்பி மறுபக்கம் துடைத்தார். “வளந்து பெரியவளாகி, எங்கப்பன் எச்சில்தான் என்னைக் கெடுத்துச்சுன்னு அவ நினைக்கணுமா தங்கச்சி? அது என் காதுல விழுறதுக்கு நான் ஏன் ரத்தம் குடுக்கணும்?”

எனக்கு அவரைப் பார்த்து அழுகையும் வந்தது, ஸ்டூலோடு சேர்த்து அவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் போலவும் இருந்தது. இந்த மனிதருக்குத் தான் என்ன சொல்கிறோம் என்றே தெரியவில்லை.

“அண்ணாச்சி, காய்ச்சல் எப்படிப் போச்சு? மருந்து சாப்பிட்டியளா?”

“இல்ல. மூணு வாரம் கிடந்து தானாப் போயிட்டு.”

“தானா ஒண்ணும் போகாது. உங்க உடம்புல இருக்கிற காவல்காரன் அந்த வைரஸ அடிச்சு உக்கார வச்சிருக்கான். அடிச்சவன் உங்க ரத்தத்துலதான் இருக்கான். அப்பா வழிப் பலகையப் படிக்கத் தெரிஞ்சவன். ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருக்கோம், நீங்க அவன இந்த அண்டாவுக்குள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிய!”

அவர் துடைப்பதை நிறுத்தினார். “நான் குடுத்த நோய்க்கு என்கிட்டயே மருந்தா?”

“நீங்கதான் குடுத்தியன்னே வையுங்க. பழி பெருசா, பிள்ளை பெருசா?”

அண்ணாச்சி போணியை வைத்துவிட்டு எழுந்தார். கடையைப் பூட்டக்கூட நிற்காமல் ரோட்டில் இறங்கி ஆட்டோவை மறித்தார். நான்தான் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ரத்தத்தில் இருந்தது. ஏராளமாக இருந்தது. நிஷா நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கி, “மனுசன் உடம்புக்குள்ள ஒரு பட்டாளமே வச்சிருக்காரு” என்றார். அன்றைக்கே பொறுக்கியெடுத்து இயந்திரத்தில் விட்டாயிற்று.

தடத்தின் முடிவு என்னிடம் வந்தது. அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒரு பிரசங்கம் தயார்செய்து வைத்திருந்தேன். யார் கொடுத்தாலும் அன்பினால் கொடுத்தது, இன்ன பிற. முடிவைப் பார்த்ததும் பிரசங்கம் எல்லாம் வீணாய்ப் போயிற்று. நான் தனியாக அறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, கல்யாணத்துக்குப் புது அண்டா போகுது. முதல் வீட்டுல ஒரு நெளிசல் விழுது. அடுத்த வீட்டுல இன்னொரு நெளிசல். நெளிசலப் பாத்தா எந்த வீட்டுக்கு முந்திப் போச்சுன்னு சொல்லிருவியளா, மாட்டியளா?”

“சொல்லிருவேன்.”

“வைரஸும் ஒரு உடம்புக்குள்ள போனா ஒரு நெளிசல் வாங்கிக்கிடும். மச்சான்கிட்ட இருக்கிற வைரஸு உங்க பொண்ணுகிட்ட ஒரு நெளிசலோட இருக்கு. உங்ககிட்ட அந்த நெளிசலும் இருக்கு, அதுக்கு மேல புதுசா ஒண்ணும் இருக்கு.”

அவர் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். மறுபடி போட்டார். “அப்ப பிள்ளைகிட்ட இருந்துதான் எனக்கா?”

“ஆமா. நீங்க குடுக்கல. வாங்கியிருக்கிய.”

“எனக்குத்தானே முதல்ல காய்ச்சல்?”

“காய்ச்சலுன்னா சண்டை நடக்குதுன்னு அர்த்தம். பிள்ளையோட காவல்காரங்க தூங்கிக்கிட்டு இருந்தாங்க, அதனால அவளுக்குக் காய்ச்சலே காட்டல. உங்க ஆளுங்க முழிச்சிருந்தாங்க. அவ எச்சில நீங்க திங்கலன்னா, இன்னைக்கு அவளுக்குக் குடுக்க இந்த உலகத்துல மருந்து இல்ல அண்ணாச்சி.”

காந்திமதிநாதன் அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை எடுத்தார். வேறு யோசனை வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“அப்ப மச்சான்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்துது.”

“ஆமா.”

“அவன்கிட்ட நீங்க சொல்லணுமா?”

“அவரா வந்து கேட்டா மறைக்க முடியாது. கேக்கலன்னா சொல்ல மாட்டேன்.”

“நானே சொல்லிக்கிடுதேன்” என்று எழுந்து போனார்.

அவர் சொன்னதை வராந்தாவில் நின்று நானும் கேட்டேன். “மாப்பிள, மெஷின்ல பாத்தாச்சு. உன் கிட்னியில வரல. என் எச்சில்லதான் வந்துருக்கு. நான்தான் பிள்ளை இட்லியக் கடிச்சுக் கடிச்சுக் குடுத்தேன். நீ மனசப் போட்டுக் குழப்பாத.” வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர் என்பதால் மனப்பாடம் செய்த பையன் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

செந்தில்வேல் வாயைப் பிளந்தான். “அத்தான்! நீங்க எச்சில் பண்ணியளா? அரை முழத்துல அண்ணாந்து குடிக்கிற நீங்களா?” வார்டு முழுக்கப் போய்ச் சொன்னான். நர்ஸுகளிடம் சொன்னான், துப்புரவு ரோபோவிடம்கூடச் சொன்னான். அருள்மொழி கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, “ஒரு பொழுது விரதம்னு எனக்கு முன்னாடி என்னா நடிப்பு!” என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே அவர் தோளில் சாய்ந்து விம்மினார்.

சாயங்காலம் செந்தில்வேல் என் அறைக் கதவைத் தட்டினான்.

“அக்கா, தடத்துல என்ன வந்துதுன்னு நான் கேட்டா நீங்க சொல்லித்தானே ஆகணும்?”

“ஆமா” என்றேன்.

“எங்க அத்தானுக்குப் பொய் சொன்னா காது சிவந்துரும். இன்னைக்கு ரெண்டு காதும் நல்லாச் சிவந்திருந்துச்சு” என்றான். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “இத்தனை வருசத்துல அவரு எனக்குன்னு ஒரு தனித் தட்டுதான் தந்திருக்காரு. இன்னைக்குத்தான் வேற ஒண்ணு தாராரு. நான் கேக்கல அக்கா. அவரு தந்தத வாங்கிக்கிடுதேன்.” போய்விட்டான்.

அடுத்த வாரம் அந்தச் செல்களை ஏற்றினோம். அத்தனை கோடிக் காவல்காரர்களும் உள்ளங்கை அளவுப் பைக்குள் அடங்கிவிட்டார்கள். உலகம்மை அதைப் பார்த்து, “அப்பா இதுக்குள்ள இருக்காங்களா? அப்ப வெளிய நிக்கிறது யாரு?” என்று கேட்டாள். முதலில் கட்டி சூடாகிச் சிவந்தது. சண்டை நடக்கிறது என்றார் நிஷா. பிறகு மெல்லக் கரைய ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் நிஷா அவள் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கட்டி போச்சு?” என்று அவளிடமே கேட்டார். கிட்னியும் முறைப்பதை விட்டுவிட்டது. வார்டில் அன்றைக்கு அண்ணாச்சி செலவில் எல்லோருக்கும் அல்வா. ஆளுக்குத் தனித்தனி இலையில்தான், அதில் அவர் மாறவில்லை.

வீட்டுக்குப் போகும் நாள். அருள்மொழி சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மருந்து வாங்கப் போயிருந்தார். உலகம்மை என் அறையில் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“ஏட்டி, உனக்கு அப்ப என்ன அவ்வளவு அடம்? உங்கப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சும், அவங்க கடிச்சாத்தான் தின்பேன்னு ஏன் சொன்ன?”

நாற்காலியைக் காலால் நிறுத்தினாள். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“அப்பாகிட்ட சொல்ல மாட்டியளே?”

“என் வேலையே யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறதுதான்.”

“அப்பா காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிட மாட்டாங்க அத்தை. ஒரு நாளு எனக்கு ஊட்டிக்கிட்டு இருக்கும்போது கண்ணு சொருகி, சுவரைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. பயந்துட்டேன். சாப்பிடுங்கன்னா கேக்க மாட்டாங்க, சாமி விசயம்னுவாங்க. நான் திங்க மாட்டேன்னு சொன்னா மட்டும்தான் அவங்களுக்குப் பயம் வரும். அதான் பாதி கடிக்கச் சொன்னேன்.” பெருமையாகத் தலையை ஆட்டினாள். “மூணு இட்லியில ஒண்ணரை அவங்களுக்குப் போயிரும்.”

நாங்கள் எல்லோருமே அப்பா மகளுக்குச் சோறு ஊட்டினார் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

“அப்ப உனக்கு அந்த ஒண்ணரை இட்லி போதுமா?” என்றேன்.

நாற்காலியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றாள்.

“போதாது அத்தை” என்றாள். “எனக்கு அப்பல்லாம் ரொம்பப் பசிக்கும்.”